நல்லபடியா பேசி முடிச்சுக்கோங்க

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிப்பது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, இழுத்து, பாதியாக்கி, நடுவில் வந்து சந்தித்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். நாளெல்லாம் இதுதான். கைகள் தோளுக்கு மேலே போக வேண்டும். போகாவிட்டால் விரிப்பு கோணலாக வரும். கோணல் விரிப்பைப் பார்த்தாலே முந்தின நாள் யார் வீட்டில் என்ன நடந்தது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தெரிந்தாலும் கேட்பதில்லை. "நீ இன்னைக்கு உறை பாரேன்" என்பார்கள். தலையணை உறைகளை உட்கார்ந்தபடியே ஒருவர் மடித்துவிடலாம்; கை மார்புக்கு மேல் எழத் தேவையில்லை. சன்னலோர மேசை அதற்கென்று இருந்தது. அந்த மேசை காலியாக இருந்தது குறைவு. "உறை மடிக்க மட்டும் தினமும் எப்படியோ ஓர் ஆள் கிடைச்சுடுது" என்று மேற்பார்வையாளர் ஒருமுறை மகிழ்ந்துபோய்ச் சொன்னார். அவருடைய மனைவி பக்கத்துக் கட்டடத்தில் சமையல் பகுதியில் இருந்தார். அங்கேயும் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருந்திருக்கும்.

மடிப்பக்கா அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவர் மடித்த விரிப்பு எதுவும் வார்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. அதனால் அந்தப் பெயர். அவருக்கு எதிரே நிற்பவளை எல்லோரும் எதிர்முனை என்று அழைத்தார்கள். எதிர்முனையின் புருஷன் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்துவதில்லை. அதற்கு முன் உறை மேசையில் அவளும் நிறைய உட்கார்ந்திருக்கிறாள்.

மடிப்பக்காவின் கணவர் சாவி செய்பவர். காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடை. வாசலில் ஆள் உயரத் தகரச் சாவி ஒன்று தொங்கும். கடைக்கு மேலே கட்டில் போட்ட ஓர் அறையும் உண்டு. ஊரில் அவருக்கு நல்ல பெயர். குழந்தையை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டால் ஓடி வந்து திறப்பார். கிழவர் யாராவது பல நாள் கதவு திறக்காமல் இருந்தால் காவலர்கள் அவரைத்தான் அழைத்துப் போவார்கள். நிலையத்து அலமாரி, இழுப்பறை, காவலறைப் பூட்டு எல்லாம் அவர் கை பட்டவை. கைவிலங்கு ஒன்றின் சாவியைத் தொலைத்துவிட்டு அவர்கள் திண்டாடியபோது மாற்றுச் சாவி செய்து கொடுத்ததும் அவர்தான். அடுத்தவர் வீட்டுப் பொருளில் கை வைத்ததே இல்லை. கை வைத்ததெல்லாம் தன் வீட்டில்தான்.

முதலில் காவலர்களை அழைத்தவர் மடிப்பக்கா அல்ல. கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரம்மா. மேலே கதவுப் பலகையில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. மோதியது மடிப்பக்கா. வீட்டுக்காரம்மாவுக்குக் கதவைப் பற்றிய கவலை.

வந்தவர் வயதான காவலர். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் முகம் மலர்ந்தது.

"அட, சாவிக்காரரே! இது உங்க வீடா?"

"ஆமா சார், வாங்க, உட்காருங்க. ஏய், சாருக்கு டீ போடு."

மடிப்பக்கா உதட்டைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்து, "சர்க்கரை எவ்வளவு சார்?" என்றார். உதடு வீங்கியிருந்ததால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"கம்மியா போதும்மா. பல்லு எதுவும் விழலையே?"

"இல்ல சார்."

"அப்போ சரி." அவர் டீயைக் குடித்து முடித்தார். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். குடும்ப விஷயம். நல்லபடியா பேசி முடிச்சுக்கோங்க." வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது, ஸ்டேஷனில் நடு இழுப்பறை மறுபடி சிக்கிக்கொள்கிறது, நாளைக்கு ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று சாவிக்காரரிடம் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மடிப்பக்கா இதைச் சொன்னபோது எதிர்முனைக்கு வியப்பில்லை.

"அவரா? குண்டா, கழுத்துப்பட்டை கசங்கி? என் வீட்டுக்கும் அந்த நல்லபடியாதான்டி வந்தாரு. எங்க வீட்ல டீத்தூள் இல்ல. அதனால சீக்கிரம் போயிட்டாரு."

"நல்லவராத்தான் தெரியறாரு" என்றார் மடிப்பக்கா.

"யாரு இல்லைன்னா? அவர் வீட்டுக்கு நம்ம போனா டீ குடுப்பாரா இருக்கும்."

அன்றிலிருந்து அந்தக் காவலருக்குக் கூடத்தில் நல்லபடியா என்று பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த முறை மடிப்பக்கா தானே நிலையத்துக்குப் போனார். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்து போனார். அங்கே நாற்காலியில் வேறோர் அதிகாரி இருந்தார். நல்லபடியா பக்கத்து மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி வரிசையாகக் கேட்டார். நீ என்னம்மா சொன்னே? சும்மா இருக்கிறவர் ஏன் அடிக்கப்போறார்? வாயக் குடுத்தியா? அவர் வந்த நேரத்துல சாப்பாடு தயாரா இருந்துச்சா?

மடிப்பக்கா ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். மருத்துவமனையில் சீட்டுப் போடும்போது வயது, எடை எல்லாம் கேட்பதில்லையா, அதுபோல இதுவும் ஒரு முறை என்று நினைத்துக்கொண்டார்.

"பல்பு மாத்தணும்னு சொன்னேன் சார்."

"அத நீயே மாத்தியிருக்கலாமே?"

"கை தூக்க முடியல சார்."

"எந்தக் கை?"

"இதே கைதான் சார். இது அதுக்கு முந்தி அடிச்சது."

அதிகாரி சிறிது நேரம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"எழுதலையா சார்?" என்றார் மடிப்பக்கா.

"எழுதினா உன் வாழ்க்கைதான்மா கெட்டுப்போகும். வீட்டுக்குப் போ. நாங்க கூப்பிட்டுச் சொல்றோம்."

சொன்னார்கள் போலிருக்கிறது. சாவிக்காரர் மாலையில் வரும்போதே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பது உட்பட.

பிறகு ஓர் இளைஞர் அதிகாரியாக மாற்றலாகி வந்தார். இவர் வேறு மாதிரி என்று பேச்சு. மடிப்பக்கா மறுபடி போனார். இளம் அதிகாரி முழுவதையும் கேட்டார், நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரரை வரவழைத்து, மடிப்பக்காவின் கண்ணெதிரில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"போதுமாம்மா?"

"அடிக்கச் சொல்லிக் கேக்கல சார்" என்றார் மடிப்பக்கா. "வீட்டுக்கு வராம இருந்தா போதும். கடை மேல அறை இருக்கு, கட்டில் இருக்கு. அங்க இருக்கட்டும்."

"அது எப்படிம்மா, அவர் வீட்டுக்கு அவரே வரக்கூடாதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"வீடு என் பேர்ல எடுத்தது சார். வாடகையும் நான்தான்."

"இருந்தாலும்."

அதிகாரியிடம் வாங்கிய அறையைச் சாவிக்காரர் அன்று மாலை பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் ஒரு துளி சிந்தவில்லை. மடிப்பக்கா அதன்பின் நிலையத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார். கோபித்துக்கொண்டு அல்ல. ஒரு கடையில் நாம் கேட்கிற சரக்கு இல்லையென்றால் வேறு கடை பார்ப்போமே, அப்படி.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஆள் உள்ளே வரக்கூடாது. ஜெயிலுக்குப் போக வேண்டாம், திருந்த வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான்.

அதற்குப் பூட்டை மாற்றினார். சாவி செய்பவரின் மனைவி பூட்டை மாற்றுவது என்பது யோசித்துச் செய்கிற காரியமாக இருக்க முடியாது. அன்றைக்கு அவருக்கு யோசிக்க நேரம் இல்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் புதுப் பூட்டு கழற்றப்பட்டு, துடைக்கப்பட்டு, எண்ணெய் விட்டுச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சாவிக்காரர்.

"மட்டமான பூட்டு" என்றார். "உன்ன ஏமாத்திட்டான்."

அடுத்து வாங்கிய பூட்டு நல்ல பூட்டு. அதைத் திறக்கச் சாவிக்காரருக்குச் சற்று நேரமானது என்று வீட்டுக்காரம்மா சொன்னார். "இது பரவாயில்ல" என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சற்று நேரத்துக்கும் சேர்த்து அடி வாங்க வேண்டியிருந்தது. மடிப்பக்கா உறை மேசையில் அதிக நாள் உட்கார்ந்தது அந்த முறைதான்.

"உனக்குப் பைத்தியம்டி" என்றாள் எதிர்முனை. "பூட்டுன்னு ஒண்ணு இருந்தா அந்த ஆளுக்கு அது விளையாட்டுச் சாமான். பூட்டே இல்லாம கதவைச் சாத்து."

அவள் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் மடிப்பக்கா உறை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, உடைந்த கட்டில்களைப் பழுது பார்க்கிற மருத்துவமனைத் தச்சரைத் தேடிப் போனார்.

தச்சர் ஒரு விடுமுறை நாள் முற்பகலில் வந்தார். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார்கள். "கதவுக்குப் பலம்தானே, தாராளமா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார். நிலைச் சட்டத்தின் இரு பக்கமும் வளைந்த இரும்புப் பட்டைகளை முடுக்கி, குறுக்கே பழைய கட்டில் சட்டம் ஒன்றை இறக்கி வைத்தார் தச்சர். தூக்கினால் கதவு திறக்கும். இறக்கினால் திறக்காது. அதில் சாவிக்கு வேலையே இல்லை. தச்சர் கூலி வாங்க மறுத்துவிட்டு, "என் தங்கச்சி வீட்டுக்கும் ஒண்ணு போட்டேன்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

மடிப்பக்கா சாவிக்காரரின் துணிமணிகளை மடித்து ஒரு பையில் வைத்தார். சட்டைகளெல்லாம் கடையில் விற்கிற சட்டை மாதிரி இருந்தன. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது மடிப்பக்காவுக்கு. பையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். எதிர்முனை துணைக்கு வந்துவிட்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. இன்னும் வெளிச்சம் இருந்தது.

பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

சாவிக்காரர் மறுபடி பூட்டினார். மறுபடி திறந்தார்.

"என்ன பூட்டு போட்டிருக்கே?" என்றார். கோபத்தைவிட ஆர்வம்தான் அந்தக் குரலில் அதிகம்.

"பூட்டு எதுவும் போடலீங்க."

"அப்புறம் ஏன் திறக்கல?"

"நீங்க கடை மேல இருந்துக்கோங்க. துணியெல்லாம் கீழ வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்திருக்கேன்."

சாவிக்காரர் கதவை உதைத்தார். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "கதவு என்னோடது!" என்று குரல் கொடுத்தார். சாவிக்காரர் இறங்கிப் போனார். எங்கே போனார் என்று எதிர்முனை சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஸ்டேஷனுக்கு."

காவலர்களால் இவ்வளவு வேகமாக வர முடியும் என்பது மடிப்பக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. வெங்காயம் இன்னும் உரித்து முடியவில்லை.

"அம்மா, கதவத் திறங்க. போலீஸ்." மூச்சு வாங்கியதிலிருந்தே நல்லபடியா என்று தெரிந்தது. மடிப்பக்கா எழுந்து போய்க் கதவில் இருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். அவரும் சாவிக்காரரும் நின்றிருந்தார்கள். மற்றக் காவலர்கள் படிக்கட்டு வளைவுக்குக் கீழே.

"நான் கூப்பிடலையே சார்."

"உங்க வீட்டுக்காரர் புகார் குடுத்திருக்கார். வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறீங்கன்னு."

"அத எழுதினீங்களா சார்?"

"எழுதாம? புகார்னா எழுதித்தானே ஆகணும்."

நல்லபடியா சாவிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஊர்க் கதவெல்லாம் திறக்கிறீங்க. இதத் திறக்க முடியலையா?"

"பூட்டு திறந்துதான் சார் இருக்கு."

"திறந்திருந்தா உள்ள போங்களேன்."

கீழே யாரோ சிரித்தார்கள். சாவிக்காரருக்கு மனைவி கதவைத் திறக்காததுகூடப் பெரிதாக இல்லை. ஒரு கதவு திறக்காமல் இருப்பதை ஊர் பார்க்கிறதே என்பதுதான். முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். "வெளிய வா, உன் ரெண்டு கையையும் ஒடிக்கிறேன்" என்று கத்திக்கொண்டு கதவின்மேல் வீசினார். கதவுக்குப் பின்னால் கட்டில் சட்டம் இருந்தது. சுத்தியல் வந்த வேகத்தில் திரும்பிப் போய் நல்லபடியாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது.

"ஐயோ! அம்மா!"

"என்ன சார் சத்தம்?" என்று உள்ளிருந்து எதிர்முனை கேட்டாள்.

"அடிச்சிட்டான்! சுத்தியலால அடிச்சிட்டான்!"

"குடும்ப விஷயம் சார்" என்றாள் எதிர்முனை. "நல்லபடியா பேசி முடிச்சுக்கோங்க."

மடிப்பக்கா வெங்காயக் கையாலேயே அவள் வாயைப் பொத்தினார்.

இத்தனை நாள் சாவிக்காரரே, நீங்க, வாங்க என்று இருந்தவர் ஒரே எலும்பில் அவன் ஆகிவிட்டார். காவலர்கள் அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். விலங்கு போடவில்லை, அதன் சாவியைச் செய்தவருக்கே அதைப் போடுவதில் என்ன பயன் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். காவலறைப் பூட்டும் அவர் பழுது பார்த்ததுதான் என்பதால் அதன் முன்னால் ஒரு காவலரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

இரண்டொரு நாள் கழித்து நல்லபடியா சலவைக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். ஈரத் துணியின் ஆவியும் இயந்திரங்களின் இரைச்சலும் சேர்ந்து அவரை வாசலிலேயே கொஞ்சம் தயங்க வைத்தன. மடிப்பக்காவும் எதிர்முனையும் ஒரு விரிப்பின் இரு முனைகளில் இருந்தார்கள்.

"கால் எப்படி சார் இருக்கு?" என்றார் மடிப்பக்கா.

"இருக்கும்மா. ஒரு வாக்குமூலம் வேணும். மத்தவங்க எல்லாம் படிக்குக் கீழ இருந்துட்டாங்க. வீட்டுக்காரம்மா கதவைத்தான் பார்த்தேங்கிறாங்க. துளை வழியா நேராப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான்."

"சொல்றேன் சார்." மடிப்பக்கா தன் முனைகளை எதிர்முனையிடம் கொடுத்தார். "அதுக்கு முன்னாடி, நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நானா?"

"சும்மா இருக்கிறவர் ஏன் சார் அடிக்கப்போறார்? நீங்க ஏதாவது வாயக் குடுத்தீங்களா?"

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் கூடத்தில் துணி உதறும் சத்தம் நின்றுவிட்டது. மடிப்பக்கா கிண்டல் செய்யவில்லை. வாக்குமூலம் என்றால் இப்படித்தான் தொடங்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். நிலையத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். நல்லபடியாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, "இல்ல சார், கேப்பாங்களேன்னு..." என்றார்.

நல்லபடியா துணித் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அதெல்லாம் எனக்குக் கேக்க மாட்டாங்கம்மா" என்றார், மெதுவாக.

"ஓ" என்றார் மடிப்பக்கா. கொஞ்சம் யோசித்தார். "அவர எவ்வளவு நாள் சார் உள்ள வைப்பாங்க?"

"காலுக்கு என்ன... கொஞ்ச நாள். வந்துடுவான்."

"வந்தா எங்க வருவார்?"

அவர் பையில் பேனாவைத் தேடினார்.

"அவர் என் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு கோர்ட்டுல எழுதித் தருவாங்களாமே. இவ சொல்றா. அதுக்கு என்னை அடிச்சத யாராவது பார்த்திருக்கணுமாம். நீங்க பார்த்தீங்களே சார். உதட்டப் பார்த்தீங்க. அப்புறம் கையப் பார்த்தீங்க." மடிப்பக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்க காலுக்கு நான் சாட்சி சொல்றேன். என் கைக்கு நீங்க சாட்சி சொல்லுங்க."

"அது வேற, இது வேறம்மா."

"சரி சார்." மடிப்பக்கா திரும்பிப் போய் விரிப்பின் முனைகளைப் பிடித்தார்.

அவர்கள் அந்த விரிப்பை மடித்து அடுத்ததை எடுத்தார்கள். நல்லபடியா எழுந்திருக்கவில்லை. காலைத் தடவிக்கொண்டிருந்தார். பல விரிப்புகள் ஆன பிறகு பேசினார்.

"நான் பார்த்தேன்னு எழுதினா, பார்த்துட்டு என்ன செஞ்சேன்னு கேப்பாங்கம்மா."

"என்ன செஞ்சீங்களோ அதயே எழுதுங்க சார்."

"டீ குடிச்சேன்னா எழுத முடியும்?"

"சர்க்கரை கம்மியான்னும் எழுதுங்க" என்றாள் எதிர்முனை.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை என்றும், அன்று எழுதியதற்காக மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்றும், பதிலுக்கு அவரை வேறு நிலையத்துக்குத் தூக்கி அடித்தார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. அந்த எழுத்தை வைத்துத்தான் சாவிக்காரர் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர் பேனாவை எடுத்து, வெகுநேரம் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்து, பிறகு எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"மேற்படி வீட்டுக்கு நான் சென்றபோது, மேற்படி பெண்ணின் உதட்டில் லேசான காயம் போல் தெரிந்தது."

"லேசா இல்ல சார்" என்றார் மடிப்பக்கா.

அவர் 'லேசான' என்பதை அடித்தார்.

"காயம் போல்னா?"

"எழுதுற வழக்கம்மா அது."

"உங்க காலுக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா?"

அவர் சற்று நேரம் காகிதத்தைப் பார்த்தார். 'போல் தெரிந்தது' என்பதையும் அடித்துவிட்டு, மேலே 'இருந்தது' என்று எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் கையைப் பற்றி எழுதினார். அதில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

மடிப்பக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்போ எழுதிக்கோங்க சார். அவர் சுத்தியல வீசினார். உங்க கால்ல பட்டுச்சு. நல்லா பட்டுச்சு."